தாளைப் பார்த்து வாசித்தவர்கள்: ஹாலிவுட் ஸ்டூடியோ கிடார் கலைஞர்கள் விட்டுச்சென்ற பாடம்

1960களில் லாஸ் ஏஞ்சல்ஸில் பதிவான இசைத்தட்டு ஒன்றின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பாடகர் பெயர் இருக்கும், தயாரிப்பாளர் பெயர் இருக்கும்; கிடார் வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. 1965இல் பேர்ட்ஸ் குழு ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ பாட்டை வெளியிட்டபோது, குழுவிலிருந்து அதில் வாத்தியம் வாசித்தவர் ரோஜர் மெக்குயின் ஒருவர்தான். மற்ற வாத்தியங்களையெல்லாம் வாசித்தவர்கள், மூன்று மணி நேரக் கால்ஷீட்டுக்கு வந்து சங்கம் நிர்ணயித்த ஊதியத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஸ்டூடியோவுக்குக் கிளம்பியவர்கள்.

எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பதற்கு இன்று மிஞ்சியிருக்கும் சாட்சி, இசைக்கலைஞர் சங்கத்தில் தாக்கலான ஒப்பந்தத் தாள்கள். தாள் கிடைக்காத இடத்தில் தகராறுதான். மோடவுன் நிறுவனத்தின் சில பாடல்களில் ஒலிக்கும் பேஸ் கிடார் தன்னுடையது என்கிறார் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டூடியோ கலைஞர் கரோல் கே. இல்லை, அது மோடவுனின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தது என்று அடித்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்தத் துறையைப் பற்றி எழுத வருகிறவர் பாதி நேரம் பஞ்சாயத்துப் பண்ண வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தக் கலைஞர்களின் பெயரோடு, சர்ச்சையில்லாமல் நமக்குக் கிடைத்திருப்பது ஒன்று உண்டு: அவர்கள் எழுதியும் சொல்லியும் கொடுத்த பாடங்கள். இவர்களை எடைபோட அதுவே சரியான இடம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஸ்டூடியோவில் கிடார் கலைஞருக்கு முதல் சோதனை, முன்பின் பார்த்திராத தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிப்பது. பியானோவில் ஒரு சுரத்துக்கு ஒரு கட்டைதான். கிடாரில் அப்படியில்லை. முதல் தந்தியைச் சும்மா மீட்டினால் வரும் அதே ‘ஈ’ சுரம் இரண்டாம் தந்தியின் 5ஆம் கட்டத்தில் இருக்கிறது, மூன்றாம் தந்தியின் 9ஆம் கட்டத்தில் இருக்கிறது, நான்காம் தந்தியின் 14ஆம் கட்டத்திலும் இருக்கிறது. தாளில் புள்ளி ஒன்றுதான். எங்கே பிடிப்பது என்பதை வாசிப்பவர் முடிவுசெய்ய வேண்டும். தவறான இடத்தில் பிடித்தால் அந்தச் சுரம் சரியாகவே ஒலிக்கும், ஆனால் அடுத்த சுரத்துக்கு விரல் போய்ச் சேராது. சுற்றிலும் முப்பது வயலின்காரர்கள் காத்திருக்க, நொடிக்குள் இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

இதில் பெரிய கெட்டிக்காரர் டாமி டெடெஸ்கோ. 1930இல் நயாகரா ஃபால்ஸ் நகரத்தில் பிறந்தவர். ‘பொனான்சா’, ‘மாஷ்’ போன்ற தொலைக்காட்சித் தொடர்களின் முகப்பிசையில் ஒலிக்கும் கிடார் இவருடையது. திரைப்பட இசையமைப்பாளர்கள் மாண்டலின் கேட்பார்கள், பலலைக்கா கேட்பார்கள், கிரேக்கத்து பூசூக்கி கேட்பார்கள். டெடெஸ்கோ எல்லாவற்றையும் எடுத்துவருவார். எல்லாவற்றையும் கிடாரைப் போலவே சுருதி கூட்டி வைத்திருப்பார்! விரல்களுக்குப் புதிதாக எதுவும் தெரிய வேண்டியதில்லை. ஒவ்வொரு கூடுதல் வாத்தியத்துக்கும் சங்க விதிப்படி கூடுதல் ஊதியமும் உண்டு. மரபாக மாண்டலின் கற்றவர் முகம் சுளிப்பார்தான். ஆனால் படத்துக்கு வேண்டியிருந்தது அந்த நாதம், அது கிடைத்துவிட்டது.

இந்தத் தந்திரத்தை அவர் மறைத்து வைக்கவில்லை என்பதுதான் முக்கியம். ‘கிடார் பிளேயர்’ இதழில் ‘ஸ்டூடியோ லாக்’ என்ற பத்தியில், தான் வாசித்த தாளையே அச்சிட்டு, எங்கே சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தார், எவ்வளவு பணம் கிடைத்தது என்பதுவரை எழுதினார். சம்பளத்தைச் சபையில் சொல்லும் கலைஞர் அபூர்வம். பணம், அறிமுகம், கற்றுக்கொள்ள வாய்ப்பு, சந்தோஷம் – இந்த நான்கில் ஒன்றாவது இருந்தால் வேலையை ஒப்புக்கொள்ளலாம் என்பது மாணவர்களுக்கு அவர் சொன்ன கணக்கு.

ஹோவர்ட் ராபர்ட்ஸ் வேறு ரகம். 1929இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸில் பிறந்து, 1950இல் லாஸ் ஏஞ்சல்ஸ் வந்தார். ஸ்டூடியோ வேலைக்கு இடையிலேயே ‘கலர் ஹிம் ஃபங்கி’ போன்ற ஜாஸ் தொகுப்புகளால் சொந்தப் பெயரும் சம்பாதித்தார். டெடெஸ்கோ பிழைக்கும் வழியைச் சொன்னார் என்றால், ராபர்ட்ஸைக் குடைந்த கேள்வி மனிதன் எப்படிக் கற்கிறான் என்பது. வேகமாகப் பழகிப் பிழை செய்தால் விரல் அந்தப் பிழையையும் சேர்த்தே மனப்பாடம் செய்துகொள்ளும்; பிழையே வராத அளவுக்கு மெதுவாகப் பழகு என்று வற்புறுத்தினார். எளிய அறிவுரைதான். இருபது வயதுப் பையன் ஒருவனைக் கேட்கவைத்துப் பாருங்கள், அதன் கஷ்டம் புரியும்.

1977இல் ராபர்ட்ஸும் பாட் ஹிக்ஸும் ஹாலிவுட்டில் தொடங்கிய கிடார் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, இந்த ஸ்டூடியோ அறிவைப் பாடத்திட்டமாக்கிய முயற்சி. டெடெஸ்கோவும் அங்கே வகுப்பெடுத்தார். கற்றுக்கொடுக்கும் வேலையில் கரோல் கே இவர்களுக்கு முன்பே இறங்கிவிட்டார். பீபாப் பாணி ஜாஸ் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர், 1963இல் ஒரு பதிவுக்கு பேஸ் கலைஞர் வராமல் போகவே அந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தார். 1969இல் பேஸ் பாடப் புத்தகத்தைத் தாமே வெளியிட்டார்.

இவர்களை இசையமைப்பாளர்களாகப் பார்த்தால் எனக்குக் குறை உண்டு. பிறர் கேட்டதைப் பத்து நிமிடத்தில் கொடுத்துப் பழகிய கைக்கு, தான் கேட்பதில் பிடிவாதம் வருவதில்லை. டெடெஸ்கோவின் தனித் தொகுப்புகள் சுத்தமானவை, நினைவில் தங்காதவை. விதிவிலக்கு ராபர்ட்ஸின் 1971ஆம் ஆண்டுத் தொகுப்பு ‘ஆன்டலோப் ஃப்ரீவே’. பேச்சுத் துணுக்குகளையும் தெருச் சத்தங்களையும் கிடாரோடு வெட்டி ஒட்டிய அந்தத் துணிச்சலைச் சம்பளத்துக்கு வேலை செய்த எந்தப் பதிவிலும் அவருக்கு அனுமதித்திருக்க மாட்டார்கள். டெடெஸ்கோவும் ஒருமுறை கட்டுக்குலைந்தார்: ‘கோங் ஷோ’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாலே பாவாடை கட்டிக்கொண்டு, ஸ்டூடியோ கிடார்காரனுக்குத் தானே எழுதிய இரங்கற்பாவைப் பாடினார்.

இரங்கற்பா கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். ராபர்ட்ஸின் கிடார் பள்ளி தொடங்கிய பத்தாண்டுக்குள் சிந்தசைசரும் டிரம் மெஷினும் கால்ஷீட்டுகளை விழுங்கத் தொடங்கின. 1980களில் பள்ளிக்கு மாணவராக வந்த பால் கில்பர்ட் மின்னல் வேக ராக் கிடாருக்காகப் பேசப்பட்டார். பிறகு அங்கேயே ஆசிரியருமானார். தாள் வாசிப்பு வகுப்பு நீடித்தது, ஆனால் மாணவர்கள் கனவு கண்டது வேறு மேடையை. ராபர்ட்ஸ் 1992இலும் டெடெஸ்கோ 1997இலும் காலமானார்கள்.

டிரம் கலைஞர் ஹால் பிளெய்ன் தம் 1990ஆம் ஆண்டு நினைவுக் குறிப்பின் தலைப்பில் இவர்களை ‘ரெக்கிங் க்ரூ’ என்றார்; டெடெஸ்கோவின் மகன் டென்னி எடுத்த ஆவணப்படத்தால் அந்தப் பெயர் ஊரறிய நிலைத்தது. அந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று கரோல் கே விடாமல் மறுத்துவருகிறார். 2025இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் அவரைத் தேர்ந்தெடுத்தது. ஸ்டூடியோ கலைஞர்கள் செய்த வேலையை அந்தக் கௌரவம் காட்டவில்லை என்று சொல்லி, வர மறுத்துவிட்டார்.