வெந்நீரில் முக்கிய டியூப்

சொட்டுநீர் போட்ட தோட்டங்களில் அணில் கடித்தோ களைக்கொத்து பட்டோ லேட்டரல் டியூப் அறுவது தீராத தொல்லை. அறுந்த இடத்தை வெட்டிவிட்டு ஜாயினர் செருக வேண்டும். குளிர்ந்த காலையில் 16 மி.மீ. டியூப் விறைத்துக்கொண்டு ஜாயினரின் பல்லில் ஏற மறுக்கும். சிலர் லைட்டரால் வாட்டுகிறார்கள், சிலர் சோப்புத் தண்ணீர் தடவுகிறார்கள், சிலர் நுனியை வெந்நீரில் முக்குகிறார்கள். எப்படிச் செய்தாலும் டியூப் ஏறிவிடும். ஏறியது எவ்வளவு காலம் தாங்கும் என்பதே கேள்வி.

வெந்நீருக்குச் சொல்லப்படும் காரணம், சூட்டில் டியூப் விரிகிறது என்பது. கணக்குப் போட்டால் அது நிற்காது. 70 டிகிரி சூடேறினாலும் 16 மி.மீ. குறுக்களவு ஏறத்தாழ 0.2 மி.மீ.தான் கூடும். பல்லைத் தாண்ட அது போதாது. டியூப் ஏறுவது இளகுவதால்தான். கொதிநீரின் சூட்டில் டியூபின் பாலிஎத்திலீன் விறைப்பின் பெரும்பகுதியை இழக்கிறது, ஆனால் உருகுவதில்லை. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது என்பதால் சூட்டுக்குத் தானாகவே ஒரு வரம்பு கிடைக்கிறது. இந்த முறையின் உண்மையான பலம் இதுதான்.

லைட்டரில் அந்த வரம்பு இல்லை. டியூபின் சுவர் ஒரு மி.மீ. சுமாருக்குத்தான் இருக்கும். உள்பக்கம் இளகுவதற்குள் தீ படும் பக்கம் உருகி மெலிந்துவிடும். அன்றைக்குக் குறை தெரியாது. பிறகு அழுத்தம் ஏறும் ஒரு நாளில் அந்தப் பக்கம்தான் பிளக்கும். இதை அறவே விட்டுவிட வேண்டும்.

சோப்பை அப்படி ஒரேயடியாகத் தள்ள முடியாது. பெரிய குழாயின் துளையில் பொருத்தும் ரப்பர் கிராமெட்டுக்குள், லேட்டரலை இணைக்கும் டேக் ஆஃப் செருகும்போது சோப்பு நல்ல துணை. ரப்பரை உப்பவைக்கும் கிரீஸ், இன்ஜின் ஆயிலைவிடப் பல மடங்கு மேல். ஆனால் பாலிஎத்திலீன் விஷயம் வேறு. இழுவிசையில் இருக்கும் பாலிஎத்திலீனில் சோப்புக் கரைசல் விரிசலைத் தூண்டக்கூடியது. அதன் விரிசல் தாங்கும் திறனை ஆய்வகங்களில் சோதிப்பதே, கீறி வளைத்த துண்டுகளைச் சோப்பு போன்ற கரைசலில் ஊறவைத்துத்தான். பல்லின் மேல் விரிந்து நிற்கும் டியூப் நுனியும் ஏறக்குறைய அதே நிலையில் இருக்கிறது. இன்றைய எல்.எல்.டி.பி.இ. (பாலிஎத்திலீனில் ஒரு வகை) டியூப்கள் இதை நன்றாகத் தாங்குகின்றன. என்றாலும் வெந்நீர் கிடைக்கும்போது இந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்?

ஆகவே டியூபுக்கு வெந்நீர், கிராமெட்டுக்குச் சோப்பு. அடுப்பைத் தோட்டத்துக்குத் தூக்கிப் போக வேண்டாம், பிளாஸ்க் போதும். முன்பே விரிந்துபோன நுனியை இரண்டு விரற்கடை நேராக வெட்டிவிட்டு முக்க வேண்டும். ஏற்றியபின் ஆறும்வரை வால்வைத் திறக்கக் கூடாது.

வெந்நீருக்கும் ஒரு குறை உண்டு: பொருந்தாத ஜாயினரையும் அது ஏற்றிவிடும். 16 மி.மீ. என்பது வெளி அளவு. சுவர்த் தடிமன் மாறினால் உள் அளவும் மாறும். முழுச் சூட்டில் முக்கியும் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ள வேண்டியிருந்தால் வேறு ஜாயினர்தான் வாங்க வேண்டும்.