மார்கழித் தக்காளி

தக்காளி வாசனை என்று நாம் சொல்வதில் பாதி பழத்தினுடையதே அல்ல. அது இலைக்கும் காம்புக்கும் சொந்தம். ஸ்ரீரங்கத்து உத்தர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் ரேழி, கூடம், கிணற்றடி எல்லாம் தாண்டிக் கொல்லைக்குப் போய்ச் செடியை லேசாகத் தொட்டால் போதும், குபீரென்று எழும். தண்டிலும் இலையிலும் இருக்கும் பொடிச் சுணை உடைந்து வெளியேறும் பிசின்தான் அந்த வாசனைக்குக் காரணம். பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டுப் பார்த்தால் விரல் நுனியில் பச்சைக் கறை ஏறியிருக்கும். சோப்புப் போட்டுக் கழுவினால் நுரையிலும் மஞ்சள் படரும். கடைத் தக்காளி மட்டுமே வாங்குகிறவர்களுக்கு இந்தக் கறை வாய்ப்பதில்லை.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் தீவின் வண்டல் மண்ணுக்குத் தக்காளி ஐப்பசி மழை ஓய்ந்தபின்தான் ஒத்துவரும். கார்த்திகையில் நாற்று நடும்போது தண்டின் கீழ்ப்பாதியையும் சேர்த்துப் புதைப்பார்கள். மண்ணுக்குள் போன தண்டிலிருந்தும் வேர் விடும் செடி இது.

மார்கழியில் பூ. மஞ்சள் இதழ்கள் பின்னால் மடங்கிக்கொள்ள, நடுவில் மகரந்தப் பைகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூடிவைத்த குடை மாதிரி நிற்கும். மகரந்தம் உள்ளே. நுனியில் மட்டும் சின்ன வழி. தேன் கிடையாது, சாதாரணத் தேனீக்கு அதைத் திறக்கும் வித்தையும் தெரியாது. வயிற்றில் நீலப் பட்டை போட்ட ஒரு தேனீயும் கருவண்டும்தான் அதற்குக் கைதேர்ந்தவை. பூவைக் காலால் கவ்விக்கொண்டு, சிறகை விரிக்காமலே மார்புத் தசையை மட்டும் அதிரவைக்கும்; மகரந்தம் பொலபொலவென்று உதிரும். பறக்கும்போது ஒரு சுருதி, பூவைப் பிடித்ததும் அதைவிட மேலே ஒரு சுருதி. மார்கழிக் காலையில் ஸ்ரீரங்கத்தில் காதுக்கு விருந்து ஏராளம். அதில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம். வண்டு வராவிட்டாலும் பாதகமில்லை, காற்று ஆட்டினாலே காய் பிடிக்கும். ஆனால் இரவு குளிர்ந்தாக வேண்டும். திருச்சியில் இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்குவது மார்கழியிலும் தையிலும்தான்.

கொல்லைக்கு ஏற்றது பி.கே.எம். 1. அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்தில் சடுதி மாற்றம் உண்டாக்கிப் பெரியகுளத்தில் உருவாக்கியது. தட்டையான உருண்டை. நாட்டுத் தக்காளிக் காய்களில் காம்பைச் சுற்றித் தோளில் கரும்பச்சை தங்கியிருக்கும், பழுத்தபின்னும் சிலவற்றில் மறையாது. சந்தையில் அதைக் குறையாகப் பார்க்கிறார்கள். உண்மையில் சர்க்கரை சேர்வதற்கு உதவுவது அந்தப் பச்சைதான். காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருக்கவேண்டும் என்று ரகங்களைத் தேர்ந்தெடுத்ததில் அதற்கான மரபணு பழுதாகி இனிப்பும் குறைந்துபோனதை 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். திருச்சி காந்தி மார்க்கெட்டில் அடுக்கியிருக்கும் பளபளப்பான பெங்களூர் தக்காளியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

பழுப்பது அடியிலிருந்து மேலே. முதலில் நுனியில் ஒரு வெளுப்பு, பிறகு இளஞ்சிவப்பு, கடைசியில் தோள். பறிக்கக் கத்தி வேண்டாம். காம்பின் நடுவில் ஒரு கணு இருக்கிறது. கட்டைவிரலை அதில் வைத்து மடக்கினால் ‘டக்’கென்று விட்டுவிடும்.

ஸ்ரீரங்கம் கோயிலில் பெரிய பெருமாள் மடைப்பள்ளியில் இந்தப் பழத்துக்கு இடமில்லை. அகங்களிலும் திதியன்று கிடையாது. மற்ற நாட்களில் ரசம் அதன் ராஜ்ஜியம். சிலர் விதையையும் அதைச் சூழ்ந்த வழவழப்பையும் வழித்து எறிந்துவிட்டுச் சதையை மட்டும் போடுகிறார்கள். அநியாயம்! ருசியைத் தூக்கிக்கொடுக்கும் குளுட்டமேட் சதையைவிட அந்தக் கொழகொழப்பில்தான் அதிகம். கையால் பிசைந்து, தோலோடு, விதையோடு கரைத்துவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்த பழத்துக்கு இந்த மரியாதை தேவையில்லை, அதன் மணம் குளிரில் முன்பே போயிருக்கும்.

பங்குனி பிறந்தால் பூ காம்போடு உதிரத் தொடங்கும். 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது. அதனால் கடைசிப் பழங்கள் சிவக்காமல் ஆரஞ்சாகவே நின்றுவிடும். அவை ரசத்துக்குச் சுமார்தான். அந்த நாளில் பழுக்கக் காத்திராமல் காயாகவே பறித்துப் பயத்தம்பருப்புப் போட்டுக் கூட்டாக்கிவிடுவது உத்தமம்.