தேதி சரியில்லாமல் எடை சரியாகாது

"கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?" என்று செவிலியர் கேட்கிறார். "பொங்கலுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால இருக்கும்" என்று பதில் வருகிறது. கருவின் வளர்ச்சி சரியா, குறைவா என்ற கணக்கு முழுவதும் கடைசி மாதவிடாய்த் தேதியைச் சொல்லும் இந்தப் பதிலின் மேல்தான் நிற்கிறது. 30 வாரக் கருவை 32 என்று எழுதிவிட்டால், நன்றாக வளரும் பிள்ளையும் நோஞ்சானாகத் தெரியும். மாற்றி எழுதினால், உள்ளே வாடும் பிள்ளை கொழுகொழுவென்று தெரியும்.

செயற்கை நுண்ணறிவு இத்துறையில் செய்திருக்கும் உருப்படியான உதவி இந்தத் தேதியைச் சரிசெய்வதுதான். சென்னை ஐஐடியினர் ஃபரிதாபாத் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2024இல் அறிவித்த, கருவின் வயதைக் கணிக்கும் 'கர்ப்பிணி-ஜிஏ2', குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வந்த பெண்களின் ஸ்கேன் அளவுகளிலிருந்து உருவானது. அமெரிக்கக் கர்ப்பிணிகளை வைத்து எழுதிய ஹாட்லாக் என்ற கணிப்புச் சூத்திரத்தை நம் பெண்களுக்கும் அப்படியே பொருத்திவந்த நிலையில், இது பெரிய மாற்றம். ஜாம்பியாவிலும் அமெரிக்காவிலும் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வில், வயிற்றின் மேல் கருவியை வெறுமனே ஓட்டி எடுத்த படங்களிலிருந்தே கணினி கருவின் வயதைச் சொன்னது. சராசரிப் பிழை 3.9 நாள், வழக்கமான அளவீட்டில் 4.7 நாள்.

ஆனால் செயற்கை நுண்ணறிவு "வளர்ச்சிக் குறைபாட்டையே கண்டுபிடிக்கும்" என்று சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டாதபோது கல்லீரலின் சேமிப்பு கரைந்து, கருவின் வயிற்றுச் சுற்றளவு குறைகிறது. திரையில் இரைப்பை கறுப்புக் குமிழாகவும், தொப்புள் சிரை வளைந்தும் தெரியும் ஒரே தளத்தில்தான் அதை அளக்கவேண்டும். கருவி சற்றுச் சாய்ந்தாலும் கணினி அழகான நீள்வட்டம் போட்டுவிடும். அழகாக இருப்பதாலேயே யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

இன்னொன்று, சிறியது வேறு, வாடியது வேறு. நூற்றில் கடைசிப் பத்து எடைக்குள் வந்தால் 'சிறிய கரு' என்பது வெறும் கோடு. குட்டையான தாயின் ஆரோக்கியமான பிள்ளை கோட்டுக்குக் கீழே விழும். 3.2 கிலோவுக்கு வளரவேண்டிய பிள்ளை 2.7இல் நின்றுபோனால் கோட்டுக்கு மேலேயே தப்பிவிடும். பிறப்பெடையை மட்டும் பார்த்துப் பயின்ற மென்பொருளுக்கு இந்த வேறுபாடு புலப்படாது. தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்க்கவேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி அளக்கவேண்டும்.

வளர்ச்சிக் குறைபாட்டுக்கு மருந்தும் இல்லை. சில்டெனாஃபில் கொடுத்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வு, பச்சிளங்குழந்தைகள் இறந்ததால் 2018இல் நிறுத்தப்பட்டது. எப்போது பிரசவம் பார்ப்பது என்பது ஒன்றே மருத்துவர் கையில் உள்ள முடிவு. அதனால் தவறான எச்சரிக்கை என்றால், வயிற்றில் இன்னும் நான்கு வாரம் இருந்திருக்கவேண்டிய பிள்ளை இன்குபேட்டருக்குள் கிடப்பது. ஸ்கேன் அறிக்கையில் "2.1 கிலோ" என்று எழுதும் மென்பொருள், அது 300 கிராம் முன்பின் இருக்கலாம் என்பதையும் அதே எழுத்தளவில் எழுதட்டும்.