கிரேக்கச் சோக நாடகங்களில் உவமையும் புராணமும்

உருவகத்தைக் கையாளும் திறம் ஒருவரிடமிருந்து மற்றொருவர் கற்றுக்கொள்ளக் கூடியதன்று, அது பிறவி மேதையின் அடையாளம் என்று அரிஸ்டாட்டில் தமது கவிதையியலில் அழுத்தமாகக் கூறியிருந்தும், கிரேக்கச் சோக நாடகங்களின் உவமைகளையும் புராணக் குறிப்புகளையும் செய்யுளுக்கு அணிவித்த ஆபரணங்களாகவே பாவித்து, அவற்றைத் தொகுத்து வகைப்படுத்துவதோடு திருப்தியடைந்த பண்டிதர்கள் பலர். கரோலின் ஸ்பர்ஜன் அம்மையார் ஷேக்ஸ்பியரின் படிமங்களைப் பற்றி 1935-இல் எழுதிய நூலுக்குப் பின் வந்த தலைமுறையில் இந்த மனோபாவம் மாறலாயிற்று. சொபாக்கிளிஸின் ‘அந்திகோனே’யை ராபர்ட் கோஹீன் 1951-இல் அதன் படிமங்களின் வழியே ஆராய்ந்தார். மறு ஆண்டே பெர்னார்ட் நாக்ஸ், ‘அகமெம்னன்’ நாடகத்தில் ஹெலனைக் குறித்துக் கோரஸ் சொல்லும் சிங்கக்குட்டிக் கதை, அவளோடு நில்லாமல் அகமெம்னனின் அரச குலத்தார் பலர் மேலும் படிவதை விளக்கினார்.

ஈஸ்கிலஸ் கி.மு. 458-இல் அரங்கேற்றிய ‘ஒரெஸ்தியா’வில் வரும் வலை இவ்வகையில் ஈடற்றது. டிராய் நகரின் மீது இரவு வலை வீசியது என்று கோரஸ் பாடும்போது அது வெறும் உருவகம். போர்க்களத்திலிருந்து வந்த வதந்திகளெல்லாம் மெய்யாயிருந்தால் தன் கணவன் அகமெம்னனின் உடலில் வலையைவிட அதிகத் துளைகள் இருந்திருக்கும் என்று கிளைட்டெம்னெஸ்ட்ரா சொல்லும்போது அது குரூரமான ஹாஸ்யம். நீராடும் அரசன் மேல் அவள் தன் கையாலேயே மீன்வலை போன்ற அங்கியை வீசி வெட்டி வீழ்த்தியபின்போ, அது கண்ணெதிரே கிடக்கும் துணி. அடுத்த நாடகத்தில் மகன் ஒரெஸ்தஸ் அத்துணியை விரித்துக் காட்டி, இதற்கு என்ன பெயரிடுவேன், மிருகத்தைப் பிடிக்கும் பொறியா, பிணத்தைப் போர்த்தும் சீலையா என்று தடுமாறுகிறான். உவமை தேடிக் களைத்த ஒரு வாலிபனை இதைவிடத் துல்லியமாக எந்த நாடகாசிரியரும் காட்டியதாகத் தெரியவில்லை.

புராணக் குறிப்புகளின் நடையோ வேறு. அவை பொருந்தாமற்போகும் இடத்தில்தான் சோகம் பிறக்கிறது என்பது என் அபிப்பிராயம். ‘அகமெம்னன்’ நாடகத்தில், மகன் இதிஸை நினைத்து ஓயாது புலம்பும் நைட்டிங்கேல் பறவைக்குக் கோரஸ் தன்னை ஒப்பிட்டதும், சிறைபிடிக்கப்பட்டு வந்த டிராய் இளவரசி கஸாண்ட்ரா மறுத்துவிடுகிறாள்: தேவர்கள் அவளுக்குச் சிறகு கொடுத்தார்கள், எனக்குக் காத்திருப்பதோ இருபுறமும் கூரான ஆயுதம் என்பது அவள் வாதம். உயிரோடு கற்குகையில் அடைக்கப்படப் போகும் அந்திகோனே, பிள்ளைகளைப் பறிகொடுத்துக் கல்லாய்ச் சமைந்த நியோபேயைத் தானே உவமையாக்கிக்கொள்ள, அவள் தேவகுலத்தவள், நாம் மானிடர் என்று கோரஸ் இடைமறிக்கிறது. தேற்றுவதாக எண்ணிச் சொன்ன சொல் அவளுக்குப் பரிகாசமாகவே படுகிறது. பிள்ளைகள் பலரைப் பெற்றவளோடு மணமே காணாத கன்னி தன்னை ஒப்பிடும் விபரீதத்தை அவள் உணர்ந்தாளா என்பதைக் கவி நம் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார்.

யூரிப்பிடிஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறார். கி.மு. 431-இல் மூன்றாம் பரிசே பெற்ற ‘மெடியா’வில், தாயின் வாளுக்கு இரையாகும் குழந்தைகளின் கூக்குரல் கேட்டும் உள்ளே போகத் துணியாத கோரஸ், இப்படிச் செய்தவள் முன்பு எவளேனும் உண்டா என்று நினைவைத் துழாவி ஒருத்தியையே கண்டெடுக்கிறது: ஈனோ. ஆனால் ஈனோ சித்தம் கலங்கியவள். கடலில் விழுந்து தானும் மாண்டவள். மெடியாவோ தெளிந்த புத்தியோடு கொன்று, பிணங்களுடன் சூரியன் அளித்த ரதத்தில் ஏதென்ஸுக்குப் புறப்பட்டுவிடுகிறாள்.