விசாரிக்காத மன்னிப்பு

வளர்த்த கோழியைப் பறிகொடுத்தவருக்கு ஆறுதல் சொல்வதற்கென்று நம் நகரங்களில் ஒரு பாணி உருவாகிவிட்டது. செல்லப்பிராணி இழப்பு பற்றிய ஆலோசனைப் பேச்சுகளும் இரங்கல் அட்டைகளும் ஒரே வரியைத்தான் வெவ்வேறு குரலில் சொல்கின்றன: "இதில் உங்கள் தவறு எதுவுமே இல்லை." கோழி எப்படிச் செத்தது என்று கேட்பதற்கு முன்பே இந்த வரி வந்து விழுந்துவிடும். துக்கத்தில் இருப்பவரிடம் காரணம் கேட்பது கொடுமை, முதலில் குற்றவுணர்வைக் கழற்றிப் போட வைக்க வேண்டும் என்று இதற்கு வக்காலத்தும் வாங்குகிறார்கள். இந்த வாதம் எனக்கு ஒருநாளும் ஒப்புதலானதில்லை.

இந்தப் பாணி செய்த நல்லதை முதலில் சொல்லிவிடலாம். "கோழிதானே, குழம்பு வெச்சிருந்தா ஆச்சு" என்ற கேலிக்குப் பயந்து கொல்லைப்புறத்தில் ஒளிந்து அழுதவர்களுக்கு அது அழ ஓர் இடம் கொடுத்தது. ஊர் ஒத்துக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி கென்னத் டோக்கா 1989-ல் எழுதியது கோழிக்காரர்களுக்கு அப்படியே பொருந்தும். நாய் செத்தால் பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். கோழி செத்தால், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அடுப்பில் வெந்தது என்ன என்று கேட்பார்கள். பெயர் வைத்துக் கூப்பிட்ட கோழிக்காக அழுவதும் கடையில் கறி வாங்குவதும் ஒரே ஆளுக்குள் இருக்கக்கூடியவைதான். அதில் முரண் கண்டுபிடித்துச் சிரிப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஆறுதல் மொழிக்கு மூலப்பிரதி 'வானவில் பாலம்'. 1959-ல் ஸ்காட்லாந்தில் எட்னா கிளைன்-ரெக்கி என்ற பத்தொன்பது வயதுப் பெண் தன் லாப்ரடார் நாய் மேஜருக்காக எழுதிய சின்னஞ்சிறு உரைநடை அது. எழுதியவர் யார் என்பதே 2023-ல்தான் உலகத்துக்குத் தெரிந்தது. செத்த பிராணிகள் நோய் நீங்கி, புல்வெளியில் ஓடியாடி, நமக்காகக் காத்திருக்கும் என்கிறது. தன் நாய்க்காக ஒரு பெண் எழுதிய வரையில் அதில் பழுதில்லை. ஆனால் அந்தப் புல்வெளியில் எந்தப் பிராணியும் தான் எப்படிச் செத்தது என்று சொல்வதில்லை. அதைக் கோழிக்குக் கொண்டுவந்து ஒட்டும்போதுதான் சிக்கல். ஏனென்றால், நம் வீட்டுக் கோழிகளில் பல, தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் சாகின்றன.

வெள்ளைக்கழிச்சலை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இந்த நோய் 1927-ல் ராணிகேத்தில் அடையாளம் காணப்பட்டது. நூறு வருஷமாகத் தெரிந்த எதிரி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் ஊசி. ராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932 முதல் இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன், பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை கழிச்சல் தடுப்பூசி முகாமும் நடத்துகிறது. ஊசி போடாத கோழி சித்திரை வெயிலில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு செத்தால், வளர்த்தவரிடம் "உங்கள் தவறு எதுவுமே இல்லை" என்பது பொய். சந்தையில் வாங்கிய புதுக் கோழியைத் தனியே அடைத்து வைக்காமல் அன்றே மற்றவற்றோடு விட்டதும், மரநாய் நுழையும் அளவுக்குக் கூண்டுக் கதவு இற்றுப்போயிருந்ததும் இதே கணக்கில் சேரும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். காட்டுக்கோழி வருஷத்துக்கு ஒரு டஜனுக்குச் சற்று முன்பின்னாக முட்டையிடும். பண்ணை ரக முட்டைக்கோழியை முந்நூறு வரை இடும்படி மனிதர்கள் மாற்றிவிட்டார்கள். அதில் ஒன்று முட்டைக்கரு வயிற்றுக்குள் சிந்தி அழற்சி கண்டு செத்தால், மாடியில் அதை வளர்த்தவர் பெரிதாக எதுவும் செய்திருக்க முடியாது. கோழி தன் நோயைக் கூடியவரை மறைக்கும் பிராணி. தளர்ந்தது தெரிந்தால் கூட்டாளிகளே கொத்தும், வேட்டைப் பிராணியின் கண்ணும் அதன்மேல் விழும். சிறகைச் சிலிர்த்துக் கண்மூடி ஒதுங்கி நிற்கும்போது நோய் ஏற்கனவே முற்றியிருக்கும். "ரெண்டு நாளாக் குறுகி நின்னுச்சே, நான் கவனிக்கலையே" என்று விடிய விடியப் புரள்பவருக்கு இந்த ஒரு தகவல் தரும் நிம்மதியை நூறு வானவில்கள் தராது.

ஆக, கழிச்சலில் கோழியை விட்டவருக்கும் வயிற்று அழற்சியில் விட்டவருக்கும் இந்தப் பாணி ஒரே தீர்ப்பைத்தான் வாசிக்கிறது. குற்றமற்றவருக்கு அதனால் பயனில்லை, விசாரிக்காமல் கிடைத்த விடுதலையை அவர் மனசு நம்பாது. குற்றமுள்ளவருக்கோ அது தீங்கு. "என்ன நடந்தது?" என்பதுதான் குற்றவுணர்வு கேட்கும் கேள்வி. மனிதச் சாவுகளில் அதற்குச் சில நேரம் விடை கிடைக்காமலே போகும். கோழிச் சாவில் பல நேரம் கிடைக்கும். பிரேதப் பரிசோதனை செய்யும் கால்நடை மருத்துவர், வயிற்றைத் திறந்து பார்த்தே கழிச்சலா, வயிற்று அழற்சியா என்று பெரும்பாலும் ஊகித்துவிடுவார். விடை இருக்கும் கேள்வியின் வாயை அடைத்துவிட்டு அதற்கு மனநலம் என்று பெயர் சூட்டுவது சோம்பேறித்தனம். ஆறுதல் சொன்னவருக்கு மாலைக்குள் வேலை முடிந்துவிடும். மீதிக் கோழிகள் அதே கூண்டில், அதே ஓட்டைக் கதவுக்குப் பின்னால் இருக்கும். கருணை மிகுந்த சிலர் கையோடு சாயமடித்த குஞ்சு ஒன்றை வாங்கிவந்தும் தருகிறார்கள். முட்டைப் பண்ணைக்கு உதவாதென்று பொரிப்பகம் ஒதுக்கிய சேவல் குஞ்சுகள்தாம் அவற்றில் பெரும்பாலானவை. ஊசியும் போட்டிருக்காது. அடுத்த துக்கத்துக்கு முன்பணம் அது.

இழப்பை எப்படி எழுதுவது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அமெரிக்க எழுத்தாளர் ஈ. பி. வைட் 1948-ல் எழுதிய 'ஒரு பன்றியின் மரணம்'. கறிக்கென்று வளர்த்த பன்றிதான். அது நோய்ப்பட்டதும் தான் என்ன கொடுத்தோம், மருத்துவர் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டு போகிறார். எழுதி நாலு வருஷத்தில் அவருடைய சிறுவர் நாவல் 'சார்லட்டின் வலை' வந்தது, அதில் பன்றி பிழைக்கிறது.

கேட்பதற்கு நேரமும் தொனியும் பார்க்க வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். துக்கம் ஆற ஒரு வாரம் கழித்துக்கூடக் கேட்கலாம், ஆனால் கோழியின் உடல் ஒரு வாரம் காத்திருக்காது. எனவே ஆறுதல் சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அழுகிறவரை அழவிடுங்கள். அதற்குள் நீங்கள் கையுறை போட்டு, கோழியை இரட்டைப் பையில் கட்டி, ஐஸ்கட்டி நடுவில் வையுங்கள். உறைய விடாதீர்கள். அன்றைக்கே கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேருங்கள். ஒரே நேரத்தில் பல கோழிகள் செத்துக் கிடந்தால் தொடாமல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். தவறு யாருடையது என்பதை மருத்துவர் சொன்ன பிறகு பேசிக்கொள்ளலாம்.