பகிரப்படும் அறிவும் பகிரப்படாத தீர்மானமும்
இராஜதந்திர எழுத்தின் வடிவ மாற்றம் பற்றிய ஒரு நோக்கு

திருக்குறளின் தூது என்னும் அதிகாரத்துக்கு உரைகண்ட பரிமேலழகர், தூதரை இரு வகையினராகப் பகுப்பர். இடமும் காலமும் அறிந்து தானே வகுத்துக் கூறுபவன் ஒருவன். அரசன் சொல்லிவிட்டதை அவ்வாறே கூறுபவன் மற்றவன். முன்னவன் அமைச்சனோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கவன் என்பதும், பின்னவன் அவனிலும் குணங் குறைந்தவன் என்பதும் உரையாசிரியர் கருத்து. இப்பகுப்பு தூதன் வேற்றரசனிடம் எடுத்துச்செல்லும் சொல்லைப் பற்றியது. அவன் திரும்பிக் கொண்டுவரும் அறிவு யார் யாரைச் சேரும், சேர்ந்தபின் அது தீர்மானத்தை மாற்றுமா என்னும் வினாக்களோ நவீன அரசுகளின் வெளிவிவகார நிருவாகத்தில் முதன்மை பெற்றுள்ளன. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலே அரசாங்கங்களின் உள்ளே தோன்றிய விக்கிக் கலைக்களஞ்சியங்கள், சமூக வலைப்பின்னல்கள் முதலியன இவ்வினாக்களுக்கு விடையாகவே முன்வைக்கப்பட்டன. அவ்விடை எத்துணை முழுமையானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இம்முயற்சியை மிக விரிவாக மேற்கொண்டதும், அதுபற்றிய பதிவுகள் வெளியுலகுக்குக் கிடைக்குமாறு அமைந்ததும் ஐக்கிய அமெரிக்க இராஜாங்கத் திணைக்களமே ஆதலின், அதனையே உதாரணமாகக் கொள்வோம்.

1

எழுத்து வடிவம் ஒவ்வொன்றும் ஒரு சமூக உறவினைத் தன்னுள்ளே கொண்டிருக்கும் என்பது இலக்கிய விமர்சனத்திற்குப் புதிய செய்தியன்று. தூதரகத் தந்தியும் அவ்வாறான ஒரு வடிவமே. இளநிலை உத்தியோகத்தர் ஒருவர் அதனை வரைவார். மேலுள்ளோர் பலர் பார்த்துத் திருத்தி இசைவு அளிப்பர். இறுதியில் தூதுவரின் பெயரே கையொப்பமாக நிற்கும். தலைநகரிலிருந்து செல்லும் தந்தியிலும், அதை யார் எழுதியிருப்பினும், இராஜாங்கச் செயலாளரின் பெயரே இடம்பெறும். எழுதியவனின் குரலை நிறுவனத்தின் குரலாக மாற்றுவதே இவ்வடிவத்தின் தொழில். 1946 பெப்ரவரி 22இல் ஜோர்ஜ் கெனன் மொஸ்கோவிலிருந்து அனுப்பிய நெடுந்தந்தி போன்றவை அவற்றை எழுதியவரின் பெயரால் நினைக்கப்படுவது விதிவிலக்கே.

இவ்வடிவத்திற்கு இரு குறைகள் உண்டு. முதலாவது, அது மேல்நோக்கிச் செல்வது. நைரோபியிலே ஒரு பிரச்சினையைத் தீர்த்த உத்தியோகத்தரின் அனுபவம் லீமாவிலுள்ள மற்றொருவரைச் சென்றடைய வேண்டின், அது பெரும்பாலும் தலைநகரூடாகவே செல்லவேண்டியிருந்தது. இரண்டாவது, நினைவின் இழப்பு. அமெரிக்க இராஜதந்திரிகள் பொதுவாக இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கொருமுறை இடம் மாறுவர். யாரை நம்பலாம், எவ்வலுவலகத்தின் வாயிலாக எக்காரியம் நடக்கும், முன்பு எம்முயற்சி ஏன் தோற்றது என்பன போன்ற நுண்ணறிவு தந்தியில் இடம்பெறுவதில்லை. அது மனிதரோடு வந்து மனிதரோடு செல்வது.

2

1998 ஓகஸ்ட் 7இல் நைரோபி, டார் எஸ் சலாம் தூதரகங்கள் மீது நடத்தப்பட்ட குண்டுத்தாக்குதல்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன்பின் அமைக்கப்பட்ட ஆலோசனைக் குழு 1999இல் வெளியிட்ட அறிக்கை, கட்டடப் பாதுகாப்போடு தூதரகங்களின் தகவற்றொடர்பு வசதிகள் காலங்கடந்தனவாய் இருந்தமையையும் கடுமையாகச் சுட்டிக்காட்டிற்று. கொலின் பவல் செயலாளராக இருந்த காலத்திலேயே உத்தியோகத்தர் ஒவ்வொருவரின் மேசைக்கும் இணைய வசதி செல்லவேண்டுமென்பது முன்னுரிமை பெற்றது. மின்-இராஜதந்திரத்துக்கெனத் தனி அலுவலகமும் தோன்றிற்று. 2001 செப்ரெம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணைக்குழு, தேவைப்படுவோர் மட்டும் அறிதல் என்னும் பழைய கொள்கை கைவிடப்பட்டுப் பகிர்தலே கடமையாதல் வேண்டும் என்று 2004இல் வற்புறுத்தியமை இப்போக்கிற்கு மேலும் உரமூட்டிற்று.

இப்பின்னணியிலேயே 2006இல் டிப்ளோபீடியா என்னும் உள்ளகக் கலைக்களஞ்சியம் தொடங்கப்பட்டது. விக்கிப்பீடியா பயன்படுத்தும் அதே மென்பொருளில் இயங்கிய இதில் உத்தியோகத்தர் எவரும் கட்டுரை எழுதலாம், பிறர் எழுதியதைத் திருத்தலாம். ஆயின் பெயர் மறைத்து எழுத இடமில்லை. 2009இல் ஹிலரி கிளின்டன் செயலாளராகப் பொறுப்பேற்றதும், ஊழியர் தம் யோசனைகளையும் குறைகளையும் முன்வைப்பதற்கான உள்ளகத் தளமொன்று திறக்கப்பட்டது. 2011இல் கொரிடோர் என்னும் சமூக வலைப்பின்னல் வந்தது. நடைபாதை என்பது அப்பெயரின் பொருள். கூட்ட அறைகளிலன்றி நடைபாதையிலேயே மெய்யான பேச்சு நிகழ்கிறது என்னும் அலுவலக அனுபவம் அப்பெயரிலே அடங்கியுள்ளது.

அவுஸ்திரேலியாவின் லோவி நிறுவனத்தைச் சேர்ந்த பேர்கஸ் ஹான்சன் 2012இல் வெளியிட்ட ஆய்வு இவ்வளர்ச்சியைத் தொகுத்துரைக்கும் முக்கியமான ஆவணமாகும். தலைமையகத்தில் மட்டும் மின்-இராஜதந்திரப் பணியில் ஈடுபட்ட 25 அலகுகளை அவர் இனங்கண்டார். இக்கருவிகள் தோன்றிய முறை, அவற்றை நடத்தியோரின் ஊக்கம், பிற நாடுகள் பின்தங்கியுள்ளமை ஆகியவற்றை அவர் தெளிவாக விளக்குகிறார். இவற்றால் விளைந்த நன்மையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. புதிதாக ஓரிடத்துக்குச் செல்லும் இளம் உத்தியோகத்தர் தமக்கு முன்னிருந்தோரின் அனுபவத்தைக் கேட்டறிய முடிவதும், பதவி வேறுபாட்டைத் தாண்டித் துறையறிவுடையவரை நாட முடிவதும் உண்மையான முன்னேற்றங்களே. ஆயினும் ஹான்சன் தமது ஆய்வின் தலைப்பிலே இதனைப் புரட்சி என்று அழைத்துள்ளார். அச்சொல்லை ஏற்பதற்கு முன்னர் அதிகார உறவுகளில் நிகழ்ந்த மாற்றம் யாது என்று வினவுதல் அவசியமாகிறது.

3

இவ்வினாவுக்கு விடை காண, கணனி அலுவலக மேசைகளுக்கு வராத காலத்து நிகழ்ச்சியொன்றைப் பார்ப்பது பயனுடையது.

1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தானிய இராணுவம் கிழக்குப் பாகிஸ்தானில் அடக்குமுறையைக் கட்டவிழ்த்துவிட்டது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகம் தான் கண்டவற்றை நாள்தோறும் அறிக்கையிட்டது. தலைநகர் மௌனம் காத்தது. ஏப்ரில் 6ஆம் திகதி, அங்கிருந்த அமெரிக்க உத்தியோகத்தர் இருபதுபேர் தம் அரசின் கொள்கையைக் கண்டித்து ஒரு தந்தியில் ஒப்பமிட்டனர். துணைத்தூதர் ஆர்ச்சர் பிளட் அதனை அனுப்பியதோடு தமது ஆதரவையும் பதிவுசெய்தார். தந்தி மிக உயர்ந்த இரகசிய வகையிலே சேர்க்கப்படாமையால் அது திணைக்களத்தினுள் பலரின் கைகளுக்குச் சென்றது. தலைநகரிலிருந்த தென்னாசிய விவகார உத்தியோகத்தர் ஒன்பதுபேர் அதற்கு ஆதரவாகச் செயலாளருக்குக் கடிதம் எழுதினர்.

இங்கு நிகழ்ந்தது என்ன? இன்றைய கருவிகள் எதனைச் சாதிக்க விழைகின்றனவோ அதுவே நிகழ்ந்தது. களத்தறிவு கூட்டாக எழுதப்பட்டது, பெயர்களோடு பதிவாயிற்று, படிநிலைகளைக் கடந்து பரவிற்று, தூரத்திலிருந்த சகபாடிகளின் இசைவையும் பெற்றது. பழைய தந்தி வடிவமே இத்தனைக்கும் போதுமானதாயிருந்தது. ஆயினும் கொள்கை மாறவில்லை. மாற்றப்பட்டவர் பிளட் ஒருவரே. அவர் டாக்காவிலிருந்து திருப்பியழைக்கப்பட்டார்.

காரணம் அறியாமையன்று. சீனாவுடன் உறவை ஏற்படுத்துவதற்கான இரகசிய வழியாக நிக்சனும் கிசிஞ்சரும் பாகிஸ்தானின் யாஹியா கானைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். அவ்வாண்டு யூலையில் கிசிஞ்சர் பாகிஸ்தானூடாகவே இரகசியமாகப் பீக்கிங் சென்றார். டாக்காவில் ஒப்பமிட்ட இருபதுபேரும் இதனை அறியார். அவர்கள் அறிந்த அனைத்தும் மேலே சென்றது. மேலே இருந்தோர் அறிந்த முக்கியமான ஒன்று கீழே வரவில்லை. அறிவுப் பகிர்வு பற்றிய எழுத்துக்களிலே பெரும்பாலும் பேசப்படாத திசை வேறுபாடு இதுவே. கீழுள்ளோர் தம்முள் ஒருவருக்கொருவரும் மேலுள்ளோர்க்கும் தெளிவாகத் தெரியுமாறு செய்யப்படுகின்றனர். தீர்மானம் உருவாகும் இடமோ முன்புபோலவே திரைக்குப் பின்னால் இருக்கிறது.

வியட்நாம் யுத்தம் பற்றிய உள்முரண்பாடுகளின் விளைவாக அதே 1971இல் இராஜாங்கத் திணைக்களம் மாற்றுக்கருத்துக்கெனத் தனியான முறைமை ஒன்றை ஏற்படுத்தியிருந்தது. கருவிகள் பெருகிய பின்னரும் அதன் வரலாறு பெரிதும் வேறுபட்டதாக இல்லை. 2016இல் சிரியா பற்றி 51 உத்தியோகத்தர் அம்முறைமையூடாக எழுதினர், கொள்கை மாறவில்லை. 2017 சனவரியில், ஏழு நாட்டவரின் வருகையைத் தடுத்த கட்டளைக்கு எதிரான குறிப்பு தூதரகத்துக்குத் தூதரகம் கைமாறி ஏறத்தாழ ஆயிரம் ஒப்பங்களைப் பெற்றது. திட்டத்தோடு ஒத்துப்போகலாம் அன்றேல் விலகலாம் என்பதே வெள்ளை மாளிகைப் பேச்சாளர் அளித்த மறுமொழியின் சாரம். ஒப்பங்கள் இருபதிலிருந்து ஆயிரமாகப் பெருகியமைக்கு வலைப்பின்னல் காரணமாகலாம். மறுமொழியின் தன்மையை அது மாற்றவில்லை.

4

பகிர்தல் கடமை என்னும் கொள்கைக்குப் பெரும் சோதனை 2010இல் வந்தது. தூதரகத் தந்திகளைப் பாதுகாப்புத்துறையின் இரகசிய வலையமைப்பிலும் படிப்பதற்கு வழிசெய்யப்பட்டிருந்தது. அங்கிருந்து இளநிலைப் படைவீரர் ஒருவர் பிரதிசெய்த 251,287 ஆவணங்கள் விக்கிலீக்ஸ் வாயிலாக அவ்வாண்டு நவம்பர் முதல் வெளிவரலாயின. திணைக்களம் உடனடியாகத் தன் தந்திக் களஞ்சியத்தை அவ்வலையமைப்பிலிருந்து துண்டித்தது. மேலிடத்துக்கு ஆபத்து நேர்ந்தவுடனே பகிர்தற் கொள்கை பின்வாங்கியமை நோக்கற்பாலது. இதில் மற்றொன்றும் உண்டு. அவ்வாவணங்களுள் 133,887, அதாவது பாதிக்கும் மேற்பட்டவை, இரகசியமென வகைப்படுத்தப்படாதவை. இரகசியமல்லாத அறிவும் அது யாரைப் பற்றியதோ அம்மக்களுக்கு எட்டாததாகவே இருந்தது.

நம் நாட்டினர்க்கு இது நேரடி அனுபவம். 2010 சனவரி 15ஆம் திகதி கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதுவர் அனுப்பிய தந்தி அவ்வாண்டு டிசெம்பரில் வெளியாயிற்று. இறுதிப் போரின்போது நிகழ்ந்ததாகக் கூறப்பட்ட குற்றங்கள் பலவற்றின் பொறுப்பு உயர்மட்டக் குடியியல், இராணுவத் தலைமையைச் சார்கிறது என்றும், ஆட்சியிலிருக்கும் அரசொன்று தன் படையினரையும் உயரதிகாரிகளையும் தானே முழுமையாக விசாரித்த முன்னுதாரணம் தமக்குத் தெரியாது என்றும் அதிலே கூறப்பட்டிருந்தது. தமிழ் அரசியற்றலைவர்கள் இவ்விடயத்தை வற்புறுத்துவதில் கொண்டிருந்த அச்சமும் பதிவாகியிருந்தது. வேற்று நாட்டு அலுவலகங்கள் பலவற்றில் வாசிக்கப்பட்ட இக்கணிப்பை, இழப்புக்கு உள்ளானோர் கசிவின் வாயிலாகவே வாசிக்க நேர்ந்தது. கசிவு தூய நன்மை என்று இதனால் கொள்ளலாகாது. 2011 செப்ரெம்பரில் பெயர்கள் மறைக்கப்படாமலே முழுத் தொகுதியும் வெளியானபோது, நம்பிக்கையோடு பேசிய எளியோர் பல நாடுகளில் ஆபத்துக்கு உள்ளாகும் நிலை ஏற்பட்டது. மூடிய பகிர்விலும் திறந்த கசிவிலும் விலையைச் செலுத்துவோர் ஒரே தரப்பினரே.

5

இன்னொரு தரப்பினரையும் கருதவேண்டும். தூதரகம் ஒவ்வொன்றிலும் அந்நாட்டைச் சேர்ந்த ஊழியர் பலர் நீண்டகாலம் பணியாற்றுவர். மொழிபெயர்ப்போர், பத்திரிகைகளைச் சுருக்குவோர், அரசியற் பிரிவில் உதவுவோர், வாகனம் செலுத்துவோர் ஆகிய இவர்களே நிறுவனத்தின் மெய்யான நினைவு. இராஜதந்திரி இரண்டாண்டில் செல்வார். இவர்கள் இருபதாண்டு இருப்பர். இரகசிய ஆவணங்கள் இவர்களுக்குத் திறக்கப்படுவதில்லை. தாம் திரட்டிக் கொடுத்த அறிவு எவ்வாறு எழுதப்பட்டது என்பதை இவர்கள் பலவேளை அறியார். நினைவிழப்பைப் போக்கக் கருவி தேவை என்று கூறப்படும்போது, ஏலவே அந்நினைவைச் சுமக்கும் மனிதரை நிறுவனம் எங்கே வைத்திருக்கிறது என்ற கேள்வி எழுதல் நியாயமே.

2025 யூலையில் அத்திணைக்களம் உள்நாட்டிலே பணியாற்றிய தன் ஊழியர் 1,300க்கும் மேற்பட்டோரை ஒரே நாளில் பணிநீக்க அறிவித்தல் கொடுத்து அனுப்பியது. அவர்கள் எழுதிய கட்டுரைகள் எஞ்சலாம். ஒரு வரி ஏன் அவ்வாறு எழுதப்பட்டது, எழுதாமல் விடப்பட்டது எது என்று கூறக்கூடியோர் சென்றுவிட்டனர். அறிவு அதனை உடையவரிடமிருந்து பிரித்துச் சேமிக்கப்படும்போது, உடையவர் மாற்றீடு செய்யத்தக்கவராகத் தோன்றத் தொடங்குகிறார். உழைப்பின் பிற துறைகளிலே நாம் நெடுங்காலம் கண்டுவந்த இப்போக்கு, எழுத்துழைப்புக்கும் புறம்பானதன்று.

இதனாற் கருவிகள் பயனற்றவை என்ற முடிவுக்கு வருவது தவறாகும். டாக்காவின் இருபதுபேரும் பயனற்ற காரியத்தைச் செய்தாரல்லர். அத்தந்தி இல்லையேல், அறிந்திருந்தும் அரசு வாளாவிருந்தது என்பதை நிறுவச் சான்று குறைந்திருக்கும். பதிவு பிற்காலத்தாரின் ஆயுதமாகலாம். ஆனால் பதிவின் பயனைப் பிற்காலத்துக்கு ஒத்திவைப்பது, நிகழ்காலத்தில் உயிரிழப்போருக்கு விடையாகாது.

ஆதலின், இத்தகைய முயற்சிகளை மதிப்பிடுவோர் எத்தனை கட்டுரைகள் எழுதப்பட்டன, எத்தனைபேர் இணைந்தனர் என்னும் கணக்கோடு அமையலாகாது. அவற்றிலே பதிவான மாற்றுக்கருத்து எத்தீர்மானத்தை மாற்றியது, மாற்றாதவிடத்து அதற்கான காரணம் எழுதியோர்க்கு எழுத்திலே தரப்பட்டதா, எழுதியவரின் பதவி அதன் பின்னரும் பாதுகாப்பாக இருந்ததா என்பனவே கேட்கப்படவேண்டியவை. ஹான்சனின் ஆய்வு இவற்றை முதன்மைப்படுத்தவில்லை. அறிவு குறைந்த அரசன் முன்னும் உறுதியானதை எடுத்துக் கூறுதல் அமைச்சனின் கடமை என்று வள்ளுவர் வகுத்தார். கூறியதைக் கேட்கும் கடமை அரசனுக்கு உண்டென்பதை நிறுவன விதியாக்கும் பணி இன்னும் எஞ்சியிருக்கிறது. எந்த மென்பொருளும் அப்பணியைத் தானாகச் செய்துவிடாது.