நடுநிலையின் கல்விச்சாலை

தொழிலாளர் பிரச்சினையைப் பல்கலைக்கழகம் ஒன்று பாடமாக ஏற்கும்போது, யாருக்காக ஏற்கிறது என்று கேட்பது விமர்சகனின் முதற் கடமை. ஐக்கிய அமெரிக்காவின் இதாக்கா நகரில், கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் 1945 நவம்பரில் வகுப்புகளைத் தொடங்கிய கைத்தொழில், தொழிலாளர் உறவுக் கல்லூரியின் வரலாறு இவ்வினாவுக்குத் தரும் விடை எளிதானதன்று. அதனைப் புகழ்வோரும் இகழ்வோரும் விடையின் ஒரு பாதியையே எடுத்துக்கொள்கின்றனர்.

கல்லூரியைத் தோற்றுவித்தது ஏதோவொரு தனவந்தரின் தருமசிந்தையன்று. 1935ஆம் ஆண்டின் வாக்னர் சட்டம் தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையையும் கூட்டுப் பேரத்தையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. அவ்வுரிமையை வென்றெடுத்தவர்கள் தொழிலாளரே. தொழிற்சாலை வாசலில் அவர்கள் பெற்ற பலமே நியூயோர்க் மாநிலச் சட்டசபையைச் சிந்திக்க வைத்தது. 1938இல் இர்விங் ஐவ்ஸ் என்பவரின் தலைமையில் அமைந்த சட்டசபைக் கூட்டுக்குழு, சங்கத்தாரும் நிர்வாகத்தாரும் ஒரே வகுப்பறையில் ஒரே பாடத்தைக் கற்றால் பகை தணியும் என்ற முடிவுக்கு வந்தது. 1944இல் சட்டம் பிறந்தது. போர் முடிந்தபின் 1946இல் மாத்திரம் அந்நாட்டில் ஏறத்தாழ 46 இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். போர்க்கால நெளிதகரக் கொட்டகைகளில் நடந்த ஆரம்ப வகுப்புகளுக்கு வெளியே இருந்த நிலைமை இதுவே.

முதற் பீடாதிபதியான ஐவ்ஸ் குடியரசுக் கட்சிக்காரர். அவரை வெறும் முதலாளிகளின் கையாள் என்று தள்ளிவிட இயலாது. வேலைவாய்ப்பில் இன, மத பேதத்தைத் தடைசெய்த 1945ஆம் ஆண்டின் நியூயோர்க் மாநிலச் சட்டம் அவர் பெயரையும் தாங்கியது. அமெரிக்க மாநிலங்களில் அத்தகைய முதற் சட்டம் அதுவே. ஆனால் அவரே செனட் சபைக்குச் சென்று, 1947இல் டாவ்ட்–ஹார்ட்லி சட்டத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அதன் சில கடுமைகளைக் குறைக்க முயன்றார் என்பதையும் கூறவேண்டும். எனினும், சங்கத் தலைவர்கள் தாம் கம்யூனிஸ்டுகள் அல்லர் என்று சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டுமெனக் கோரியது அச்சட்டமே. இந்த நடுநிலை தராசின் முள்ளைப்போல நின்றதாக எவரேனும் சொன்னால், எந்தத் தட்டில் யார் கைவைத்தார்கள் என்று அவரிடம் கேட்கவேண்டியிருக்கிறது.

இதற்கு மாறான ஒரு குரலும் அக்கல்லூரியில் ஒலித்தது. ரூஸ்வெல்ட் அரசாங்கத்தில் 1933 முதல் 1945 வரை தொழில் மந்திரியாகவிருந்த பிரான்செஸ் பெர்க்கின்ஸ் அம்மையார், 1957 முதல் 1965இல் தாம் மறையும்வரை அங்கே கற்பித்தார். 1911 மார்ச் 25இல் நியூயோர்க்கின் ட்றயங்கிள் தையற்சாலை தீப்பற்றியபோது, பூட்டிய கதவுகளுக்கு உள்ளே அகப்பட்டு 146 பேர் மாண்டனர். பெரும்பாலோர் குடியேறிய இளம் பெண்கள். ஜன்னல்களிலிருந்து அவர்கள் குதித்ததைத் தெருவில் நின்று கண்ணாரக் கண்டவர் அவர். 1938ஆம் ஆண்டின் சட்டம் மணிக்கு 25 சதம் என்ற குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்ததில் அந்த மாலையின் நினைவுக்குப் பங்கில்லை என்று யார் கூறுவார்? அத்தகையவர் வகுப்பறையில் நிற்கும்போது ‘உறவு’ என்ற சொல் வேறு அர்த்தம் பெறுகிறது. அத்தீவிபத்தின் ஆவணங்களை இன்றும் அக்கல்லூரியின் சுவடிக்கூடமே பேணுகிறது. பட்டமாணவருக்கு அப்பால், பல நகரங்களில் தொழிலாளருக்காக நடத்தப்பட்ட விரிவாக்க வகுப்புகளையும் இப்பக்கத்திலேயே வைத்து எண்ணவேண்டும். என் மதிப்பில் கல்லூரியின் மிகச் சிறந்த பணி அதுவே. அதன் புகழைப் பாடுவோர் மிகக் குறைவாகப் பேசுவதும் அதைப்பற்றியே.

ஒக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரியை ஒருகணம் நினைத்துப் பார்க்கலாம். 1909இல் அங்கிருந்த தொழிலாள மாணவர் தம் பாடத்திட்டத்தையும் அதிபரையும் முன்னிட்டு வேலைநிறுத்தம் செய்தனர். பிரிந்து சென்று மத்திய தொழிலாளர் கல்லூரியைக் கண்டனர். சங்கங்களின் பணத்தில் இயங்கிய அக்கல்லூரியில் படித்த சுரங்கத் தொழிலாளி அனூரின் பெவன், பின்னர் 1948இல் பிரித்தானிய தேசிய சுகாதார சேவையை நிறுவினார். ஆனால் அக்கல்லூரி 1929இல் மூடப்பட்டது. அரசின் பணத்தில் நின்ற கோர்ணெல் கல்லூரி வாழ்கிறது. சுதந்திரத்துக்கும் ஆயுளுக்கும் இடையே இப்படி ஒரு கணக்கு இருக்கிறது.

அந்த ஆயுளுக்குக் கொடுத்த விலை பாடத்திட்டத்தின் சொற்களிலேயே தெரிகிறது. ஊழியரைப் பற்றிய படிப்பு ‘மனித வளம்’ என்ற பெயரைப் பூண்டது. நிலக்கரியும் வளம், மனிதனும் வளம்! அமெரிக்கத் தொழிலாளருள் 1950களில் ஏறத்தாழ மூன்றிலொருவர் சங்க உறுப்பினர். 2023இல் பத்தில் ஒருவரே. இருதரப்புக்கும் சமமாகக் கற்பிப்பது என்பதன் பொருள், ஒரு தரப்பு இவ்வாறு மெலிந்தபின் முன்போல் இருக்க முடியாது. பட்டதாரிகளை விலைக்கு வாங்கும் சக்தி எத்தரப்பிடம் இருக்கிறதோ அத்தரப்புக்கே கல்வியின் பயன் அதிகம் சென்றடைகிறது.

2024 ஆகஸ்டில் அதே பல்கலைக்கழகத்தின் ஏறத்தாழ 1,200 ஊழியர்கள், துப்புரவாளரும் சமையற்காரரும் தோட்டவேலையாளரும், மாணவர் விடுதிகளுக்குத் திரும்பும் வாரத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். கூட்டுப் பேரத்தின் இலக்கணத்தை உலகுக்குக் கற்பித்த வளாகம் தன் வாசலிலேயே அதைப் படிக்கவேண்டியதாயிற்று. இரு வாரங்களின் பின், நான்காண்டுகளில் 21 சதவீதத்துக்குக் குறையாத சம்பள உயர்வுடன் அவர்கள் வேலைக்குத் திரும்பினர்.